விளக்கக்காரியின் தங்கை

கோபத்துக்கு அவள் எழுதிய விளக்கம் இதுதான்: "நியாயமாக நமக்கு வரவேண்டியது கண்ணெதிரே தட்டிப் பறிக்கப்படும்போது உடம்பும் மனமும் சேர்ந்து எழுந்து நிற்பது. இது நோய் அல்ல." கடைசி மூன்று சொல்லுக்கும் அடியில் கோடு வேறு போட்டிருந்தாள். போடாமல் இருப்பாளா? அவளுக்கே மூக்குக்கு மேல் கோபம். காலையில் பல் தேய்க்கும்போதே யாரோடாவது சண்டை போட்டுக்கொண்டுதான் தேய்ப்பாள் என்று அவளுடைய பழைய வார்டில் ஒரு பேச்சு உண்டு. அது முழுப் பொய்யும் இல்லை.

ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் மனநல வார்டில் பத்தொன்பது வருஷம் நர்ஸாக இருந்தவள். முட்டி இரண்டும் தேய்ந்துபோய் வேலையை விட்டாள். இப்போது ஒரு சின்னப் பதிப்பகத்தில் ஜன்னலோர மேசை. மனநலம் சம்பந்தமான சொற்களைப் படிக்காதவருக்கும் புரியும்படி விளக்கி எழுதுவது வேலை. அதனால் அங்கே அவளுக்கு விளக்கக்காரி என்று பெயர். அது முதுகுக்குப் பின்னால். நேரில் எல்லோரும் சிஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். நேரில் விளக்கக்காரி என்று கூப்பிட்டுப் பார்க்கும் தைரியம் யாருக்கும் இல்லை.

விளக்கம் எழுதும் பழக்கம் வார்டில் தொற்றிக்கொண்டது. டாக்டர் பத்து மணிக்கு வருவார். நோயாளியைப் பார்ப்பார், வீட்டாரிடம் ஒரே ஒரு சொல்லைச் சொல்வார், அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார். அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று அவரிடம் கேட்க வீட்டாருக்கு வாய் வராது. அவர் கதவைத் தாண்டியதும் இவளைச் சுற்றி நின்றுகொள்வார்கள். "சிஸ்டர், என்னமோ சொன்னாரே, அப்படின்னா என்ன? சரியாயிடுமா?" பழைய காய்ச்சல் அட்டையின் பின்புறத்தில் நாலு வரி எழுதிக் கொடுப்பாள். "மனச்சோர்வு என்பது சோகம் அல்ல. சோகத்தில் அழுகை வரும், நடுவில் யாராவது பேசினால் சிரிப்பும் வரும். இதில் வாரக்கணக்கில் எதுவும் வராது. விடிவதே பாரமாக இருக்கும். சோம்பேறி என்று திட்டாதீர்கள். எழுந்திருக்க முடியவில்லை என்பதுதான் நோயே." அந்த அட்டையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போவார்கள்.

இவர்கள்மேல் அவளுக்குக் கோபம் இருந்ததில்லை. இன்னொரு கூட்டம் வரும். அவர்கள் வரும்போதே சொல்லோடு வருவார்கள். பெண்டாட்டியைக் கையைப் பிடித்து இழுத்து வந்து நிறுத்தி, "எதுத்து எதுத்துப் பேசறா சிஸ்டர், இது மனநோய்தானே?" என்பான் ஒருவன். "பையன் கணக்குல தேற மாட்டேங்கிறான், மண்டைக்கு ஏதாவது கரண்டு வைப்பீங்களாமே" என்பார் ஒரு தகப்பன். புருஷன் செத்து இருபது நாள்கூட ஆகாத ஒருத்தியை நாத்தனார் கூட்டிவந்தாள், அறையில் அவர் இருமுகிற சத்தம் கேட்கிறது என்று சொன்னாளாம். இருபது வருஷம் பக்கத்தில் கேட்ட இருமல் இருபது நாளில் காதைவிட்டுப் போய்விடுமா? விளக்கக்காரி அந்த நாத்தனாரைப் பார்த்துக் கேட்ட கேள்வி வராந்தா முழுக்கக் கேட்டது. மேட்ரன் கூப்பிட்டுக் கண்டித்தார். இவள் கேட்டுக்கொண்டாள், திருந்தவில்லை.

ஆகவே, எழுத உட்கார்ந்தபோது தனக்கென்று ஒரு முறை வைத்துக்கொண்டாள். ஒவ்வொரு சொல்லுக்கும் இரண்டு பத்தி. மேலே 'இது' என்று தலைப்பு, அதன்கீழ் நோயின் விளக்கமும் ஓர் ஆளின் கதையும். கீழே 'இது அல்ல' என்று இன்னொரு தலைப்பு, அதன்கீழ் நோய்போலத் தெரிந்தாலும் நோய் இல்லாத ஓர் ஆளின் கதை. அந்தக் கீழ்ப் பத்திதான் தன் பத்தொன்பது வருஷத்துச் சம்பாத்தியம் என்பாள். நோய் என்னவென்று எந்தப் புத்தகமும் சொல்லும். எது நோய் இல்லை என்று சொல்வதற்குத்தான் ஆள் இல்லை.

எழுதி முடித்ததும் சோதனை உண்டு. டீ கொண்டுவரும் அம்மாளுக்கும் பைண்டருக்கும் வாசித்துக் காட்டுவாள். கேட்ட மாத்திரத்தில் அவர்கள் "அட, இது அப்படியே எங்க மச்சான்" என்றால் விளக்கம் தோற்றது, கிழித்துப் போடு. "எங்க மச்சான் இல்லை, ஆனா எதிர்வீட்டுல ஒருத்தர் பாவம்" என்று யோசித்தார்கள் என்றால் தேறியது. தற்பெருமை நோய்க்கு மட்டும் பதினொரு தடவை கிழித்தாள். ஒவ்வொரு தடவையும் பைண்டர் முழுசாகக் கேட்பதற்கு முன்பே, "நம்ம முதலாளி" என்றார்.

எண்ணச் சுழல் நோய்க்கு வந்தபோது 'இது' பத்தி சுலபமாக வந்தது. வேண்டாத எண்ணம் ஒன்று திரும்பத் திரும்ப வரும். அதை அடக்க ஒரே காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்தே தீரவேண்டும். அர்த்தமில்லை என்று தெரியும், நிறுத்த முடியாது. நாளில் பாதி அதிலேயே போகும். வார்டில் அப்படி எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறாள். 'இது அல்ல' பத்திக்கு ஆள் தேடினாள். தேடக் கடல் தாண்டிப் போகவேண்டியதில்லை, தங்கை இருந்தாள்.

தங்கை இவளுக்குப் பன்னிரண்டு வயது இளையவள். அம்மா போனபின் இவள்தான் தலைசீவி, பாடம் கேட்டு, படிக்கவைத்தாள். இப்போது வேறோர் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் ஜன்னலில் பதினாலு வருஷமாக வேலை. இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளித் தனியாக ஒரு வீடு. அதிர்ந்து பேசமாட்டாள். அக்கா பேசுகிற பேச்சில் அவளுக்குப் பேச இடமும் கிடைத்ததில்லை. விளக்கக்காரி எழுதினாள்: "மருந்து கொடுக்கும் இடத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண். மாத்திரையை மூன்று முறை எண்ணித்தான் உறையில் போடுவாள். அலமாரியைப் பூட்டிவிட்டுப் பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்ப்பாள். பிறகு நிம்மதியாக வீட்டுக்குப் போய்த் தூங்குவாள். இவள் கவனமான பெண், இது நோய் அல்ல."

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த அட்டையைத் தங்கையின் கையில் கொடுத்தாள். "பாரு, உன்னைத்தான் எழுதியிருக்கேன்." தங்கை இரண்டு தடவை படித்தாள். "நல்லா இருக்குக்கா" என்று திருப்பிக் கொடுத்தாள்.

பதிப்பக முதலாளிக்கு ஊழியர்கள் வைத்த பெயர் கத்திரி. எதைக் கொடுத்தாலும் ஓரத்தை வெட்டாமல் விடமாட்டார். விளக்கக்காரி அச்சுக்குப் போகும் முன் வந்த கடைசி மெய்ப்பை வரிக்கு வரி பார்த்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தபின், பக்கத்தை எண்ணிப் பார்த்தார். எட்டுப் பக்கம் கூடுதல். பதினாறு பக்கம் சேர்ந்தால் ஒரு ஃபாரம். எட்டுப் பக்கத்துக்காக முழுசாக ஒரு ஃபாரம் ஓட்ட அவருக்கு மனசு வரவில்லை. பக்கம் அமைக்கும் ஆளைக் கூப்பிட்டார். "நூத்திப் பன்னிரண்டு சொல்லு. ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு தலைப்பு, தலைப்புக்கு மேலயும் கீழயும் வெத்து இடம். அதை எல்லாம் தூக்கிடு. பத்தியை ஒண்ணாச் சேத்துடு. 'இது நோய் அல்ல'ன்னு ஒவ்வொண்ணுலயும் கடைசி வரியில திரும்பத் திரும்ப வருது பாரு, அந்த வரியையும் எடு. படிக்கிறவனுக்குப் போரடிக்கும்." ஒரு எழுத்தும் பிசகாமல் அப்படியே செய்து முடித்தான் அந்தப் புண்ணியவான்.

விளைவு என்ன? நோயின் விளக்கம், அதன் கீழே நோயாளியின் கதை, அதை ஒட்டியே நோயில்லாதவரின் கதை. எல்லாம் ஒரே பத்தி, எல்லாம் ஒரே நோய். புருஷனின் இருமலைக் கேட்ட விதவைக்குப் பிரமை. பொம்மையோடு பேசிய குழந்தைக்கு மனச்சிதைவு. பரீட்சைக்கு முன்னால் வயிறு கலங்கிய மாணவிக்குப் பதற்ற நோய். நோய் இல்லாதவர் என்று இவள் பொறுக்கிப் பொறுக்கிச் சேர்த்த நூற்றுப் பன்னிரண்டு பேரும் ஒரே நாளில் பைத்தியமானார்கள்.

அச்சான புத்தகம் கைக்கு வந்த அன்று அவள் போட்ட சத்தத்தில் கீழ்த்தளத்து அச்சு இயந்திரத்தை நிறுத்திவிட்டு ஆட்கள் மேலே வந்தார்கள். கத்திரி அசரவில்லை. "அடுத்த பதிப்புல சேத்துடலாம் சிஸ்டர். சின்ன விஷயம்" என்றார். அடுத்த பதிப்பு ஆறே வாரத்தில் வந்தது, ஏனென்றால் புத்தகம் பிய்த்துக்கொண்டு போயிற்று. போகாதா பின்னே? வாங்கியவன் எல்லாம் அதில் தன் மாமியாரை, மேலதிகாரியை, மாடிவீட்டுக்காரனைக் கண்டுபிடித்தான். சரியான புத்தகமாக இருந்தால் யாரையும் கண்டுபிடிக்க முடியாது, வாங்கவும் மாட்டான். கத்திரிக்கு அந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். இரண்டாம் பதிப்பிலும் ஒரு புள்ளி மாறவில்லை. "விக்கிற புத்தகத்துல கை வைக்கக் கூடாது சிஸ்டர்" என்றார். டீ அம்மாள்கூட ஒரு நாள் கையைப் பிசைந்துகொண்டு வந்தாள். "என் பேத்தி பொம்மைகூடப் பேசுதும்மா. உங்க புத்தகத்துல போட்டிருக்குன்னு மருமக அழறா." அன்று விளக்கக்காரிக்குச் சோறு இறங்கவில்லை.

அப்புறம் அது வீட்டுக்கே வந்தது.

தங்கையின் ஆஸ்பத்திரியில் தலைமை மருந்தாளுநர் ஒருவர் இருந்தார். அவருக்குத் தங்கையைப் பிடிக்காது. அவள் மூன்று தடவை எண்ணுவதால் ஜன்னலில் வரிசை நீள்கிறது, நீள்கிற வரிசை அவர் அறையிலிருந்து தெரிகிறது, அது ஒன்றுதான் காரணம். புத்தகம் அவர் கையில் கிடைத்தது. நாற்பத்தேழாம் பக்கத்தைப் படித்தார்: மருந்து கொடுக்கும் இடம், ஒரு பெண், மூன்று முறை எண்ணுதல். சிவப்பு மையால் கோடு போட்டு, நகலெடுத்து, நிர்வாகத்துக்கு அனுப்பினார். மனநோயாளியின் கையில் மருந்துச் சாவி இருக்கலாமா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தார். மறுநாள் தங்கையிடம் சாவியை வாங்கிக்கொண்டு, விசாரணை முடியும்வரை வரவேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள்.

தங்கை அதைத் தொலைபேசியில் சொன்னாள். குரலில் ஒன்றுமே இல்லை. "மூணு வாரம் கழிச்சு விசாரணைக்கா. அதுல முடிவு பண்ணிடுவாங்களாம். வேலை இருக்கா, இல்லையான்னு." பிறகு, "அந்தப் பக்கத்துல இருக்கிறது நான்தானே?" என்று கேட்டாள்.

விளக்கக்காரிக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. நேரே கத்திரியின் அறைக்குப் போனாள். தலைப்புகளை எடுத்தது பதிப்பகத்தின் தவறு, அந்தப் பெண் நோயாளி அல்ல, கவனமான பெண் என்றுதான் ஆசிரியர் எழுதியிருந்தார் என்று இரண்டு வரி எழுதித் தரச்சொல்லிக் கேட்டாள். கத்திரி நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "புத்தகம் தப்புன்னு நானே எழுதித் தரணுமா? நல்லா இருக்கே. உங்க பெரிய அகராதி வரவேண்டாமா சிஸ்டர்?"

பெரிய அகராதி என்பது ஆறு வருஷ உழைப்பு. இரண்டாயிரத்துச் சொச்சம் அட்டை, செருப்புப் பெட்டிகளில் அடுக்கி ஜன்னலடியில் இருந்தது. அதை ஆயுசுக்குள் அச்சில் பார்க்கவேண்டும் என்பதற்காகத்தான் இரண்டாம் பதிப்பு வந்தபோதுகூட வாயைக் கட்டிக்கொண்டு இருந்தாள். அந்த நினைப்பே இப்போது செருப்பால் அடித்ததுபோல இருந்தது. "உங்க கையால அது வரவேண்டாம்" என்றாள். பெட்டிகளை இரண்டு நடையாகக் கீழே இறக்கினாள். பைண்டர் கேட்காமலே வந்து கைகொடுத்தார். தன் கையெழுத்துப் போட்ட கடைசி மெய்ப்பையும் பக்கம் அமைக்கும் அறையிலிருந்து எடுத்துக்கொண்டாள். கொடு என்று கேட்கவில்லை, எடுத்துக்கொண்டாள்.

விசாரணை ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில். நீள மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர்: நிர்வாக அதிகாரி ஒருவர், மனநல டாக்டரம்மா ஒருவர், எழுதிக்கொள்ள ஒரு குமாஸ்தா. ஓரத்தில் தலைமை மருந்தாளுநர், மடியில் அந்தப் புத்தகம். இந்தப் பக்கம் தங்கை. கூட ஒருவர் வரலாம் என்று விதி இருந்ததால் அக்கா.

விளக்கக்காரி மெய்ப்பையும் புத்தகத்தையும் மேசைமேல் விரித்து வைத்தாள். ஒவ்வொரு பக்கமாக ஒப்பிட்டுக் காட்டினாள். நிர்வாக அதிகாரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். "தலைப்பைத் தூக்கிட்டாங்களா?" என்று அவருக்கே சிரிப்பு வந்தது. இவளுக்கு வரவில்லை. "சிரிக்காதீங்க சார். இதை வெச்சுத்தான் பதினாலு வருஷம் ஒரு மாத்திரை மாத்திக் கொடுக்காதவகிட்ட இருந்து சாவியை வாங்கியிருக்கீங்க. இவரு" என்று தலைமை மருந்தாளுநரைக் கைகாட்டினாள், "இவரு போன வருஷம் சர்க்கரை மாத்திரைக்குப் பதிலா வேற கொடுத்து, ஜன்னல்லயே ஆளைத் திரும்பக் கூப்பிட்டாரே, அதுக்கு என்ன நோய்னு எந்தப் பக்கத்துல பாத்தீங்க?" தலைமை மருந்தாளுநர் புத்தகத்தை மடியிலிருந்து எடுத்துக் காலடியில் வைத்தார்.

டாக்டரம்மா தங்கையைப் பார்த்தார். மெதுவாகத்தான் கேட்டார். "நீங்க சொல்லுங்க. மூணு தடவை எண்ணாம கொடுத்தா உங்களுக்கு எப்படி இருக்கும்?"

தங்கை வாயைத் திறந்தாள். அக்காவை ஒரு பார்வை பார்த்தாள்.

அக்கா முந்திக்கொண்டாள். "எப்படி இருக்கும்? ஒழுங்கா வேலை செய்யலையேன்னு இருக்கும். டாக்டர், நான் பத்தொன்பது வருஷம் வார்டுல இருந்தவ. அந்த நோய் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். இவளைத் தூக்கி வளர்த்தவ நான். இவளுக்கு அந்த நோய் இருந்திருந்தா, முதல் ஆளா நானே சாவியை வாங்கி உங்க கையில கொடுத்திருப்பேன்."

டாக்டரம்மா இன்னும் தங்கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்படித்தானாம்மா?" என்றார். தங்கை தலையை ஆட்டினாள். குமாஸ்தா எழுதினார். மனநோய் எதுவும் இல்லை என்று தெரிவதால் நாளை முதல் பணியில் தொடரலாம் என்று ஒரு தாள், நிர்வாக அதிகாரியின் கையெழுத்தோடு, அங்கேயே கைக்கு வந்தது. வெளியே வரும்போது விளக்கக்காரி நடந்த நடையைப் பார்க்கவேண்டும். முட்டிவலியெல்லாம் எங்கே போயிற்றோ.

படியிறங்கும்போதும் வாய் ஓயவில்லை. தலைமை மருந்தாளுநரின் முகம் போன போக்கு, கத்திரிமேல் வழக்குப் போட முடியுமா, எந்த வக்கீலைப் பார்ப்பது. கீழே வாசலுக்கு வந்த பிறகுதான் தங்கை கூடவே வரவில்லை என்று தெரிந்தது. கடைசிப் படிக்கட்டுத் திருப்பத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள். தாள் மடியில் இருந்தது.

"என்னடி, மயக்கமா?"

"இல்லக்கா. இந்தப் பேப்பர் இருக்கிற வரைக்கும் நான் எந்த டாக்டர்கிட்டயும் போக முடியாதுல்ல?"

அக்காவுக்குப் புரியவில்லை. எதற்கு டாக்டர் என்றாள்.

"வேலை முடிஞ்சு நான் நேரா வீட்டுக்குப் போறேன்னு நினைச்சியா? நீ எட்டு மணிக்குப் போன் பண்ணும்போதெல்லாம் நடந்துக்கிட்டிருக்கேன்னு சொல்வேன். உடம்புக்கு நல்லதுடி, நடன்னு நீ சொல்வ." தங்கை தாளின் ஓரத்தை நகத்தால் நீவிக்கொண்டே பேசினாள். "சீட்டுல விலாசம் இருக்கும்க்கா. அன்னிக்கு மருந்து வாங்கினவங்கள்ல யாருக்காவது மாத்திக் கொடுத்திருப்பேனோன்னு தோணும். கொடுக்கலைன்னு தெரியும். தெரிஞ்சாலும் போய்ப் பாத்தாகணும். அவங்க வீட்டு வாசல்ல நிப்பேன். விளக்கு எரியுதா, உள்ள யாராவது அழறாங்களா, பேச்சுக்குரல் கேக்குதா. கேட்டாத்தான் அடுத்த வீடு. ஒரு நாளைக்கு ஏழு வீடு, ஒன்பது வீடு. ஒரு தடவை ஒரு வீட்டுல நாயை அவுத்து விட்டாங்க."

"எத்தனை நாளா?"

"ஆறு வருஷம் இருக்கும்."

பத்தொன்பது வருஷம், நூற்றுப் பன்னிரண்டு சொல், இரண்டாயிரம் அட்டை. தொலைபேசியில் தினமும் எட்டு மணிக்குத் தெருச்சத்தத்தோடு கேட்ட குரல். கடைசியில் விளக்கக்காரிக்கு வந்தது கோபம்தான், அதுதான் அவளுக்குப் பழக்கம். "ஏன்டி என்கிட்ட சொல்லலை? ஊரெல்லாம் என்கிட்ட வந்து சொல்லுதே, உனக்கு என்ன கேடு?"

"சொல்லலாம்னுதான் அந்த ஞாயித்துக்கிழமை வந்தேன்" என்றாள் தங்கை. "நீ அட்டையைக் கையில கொடுத்த. நிம்மதியா வீட்டுக்குப் போய்த் தூங்குவாள்னு எழுதியிருந்த. இவ்வளவு தெரிஞ்ச அக்காவே இல்லைன்னு எழுதிட்டா, அப்ப இது நோய் இல்லை போல, நான்தான் கெட்டவ போலன்னு நினைச்சுக்கிட்டேன்." தாளை இரண்டாக மடித்தாள். "கத்திரி தலைப்பை எடுக்கலைன்னாலும் அந்தப் பக்கம் தப்புதான்க்கா. அது கிடக்கட்டும். மேல நீ ஒண்ணு சொன்ன பாரு. நோய் இருந்திருந்தா நானே சாவியை வாங்கியிருப்பேன்னு. உன் புத்தகத்துல எங்கயும் நீ அப்படி எழுதலை. அவங்க ஜெயிக்கிறதுக்கு வேண்டியதை நீயே எடுத்துக் கொடுத்துட்ட."

யார்மேல் கோபப்படுவது? கத்திரி இல்லை, தலைமை மருந்தாளுநர் இல்லை. படிக்கட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். தன்மேல் கோபப்பட அவளுக்குப் பழக்கம் இல்லை, எங்கே ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை. நோயுள்ளவர் பக்கம் நின்றே ஆயுசைக் கழித்தவள் என்று தன்னை நினைத்திருந்தாள். சமயம் வந்தபோது, சொந்தத் தங்கைக்காகவே, நோய் உள்ளவளிடம் சாவி இருக்கக்கூடாது என்று அந்தத் தலைமை மருந்தாளுநருக்கே சாட்சி சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். அதுவும் எவ்வளவு சத்தமாக.

"இந்த மூணு வாரம் நான் எப்படித் தூங்கினேன் தெரியுமா?" என்றாள் தங்கை. "யாருக்கும் மருந்து கொடுக்கலை, அதனால யார் வீட்டுக்கும் போகவேண்டியதில்லை. சாப்பிட்டேன், தூங்கினேன். நாளையிலேருந்து மறுபடியும் போகணும்."

"அப்ப வேலையை விட்டுடு. நான் பாத்துக்கறேன். எனக்குத் தெரிஞ்ச டாக்டர் ஒருத்தர் இருக்காரு, காதும் காதும் வெச்ச மாதிரி" என்று அக்கா ஆரம்பித்தாள்.

"எனக்கு வேலை வேணும்க்கா. நான் நல்லா செய்யற வேலை அது. காதும் காதும் வெச்ச மாதிரி எதுக்கு? அந்த டாக்டரம்மா என்னைத்தானே கேட்டாங்க?" தங்கை எழுந்து நின்றாள். புடவையின் பின்புறத்தைத் தட்டிவிட்டுக்கொண்டாள். "அவங்க இன்னும் மேலதான் இருப்பாங்க. போய்ச் சொல்லப்போறேன். எனக்கு இருக்கு, இருந்தும் பதினாலு வருஷம் தப்பில்லாம கொடுத்திருக்கேன், இனிமேலும் கொடுப்பேன், வைத்தியமும் பாத்துக்குவேன்னு. பேப்பரை மாத்தி எழுதட்டும். எழுத முடியாதுன்னா அதையும் என் முகத்தைப் பாத்துச் சொல்லட்டும்."

"இரு, நானும் வர்றேன். அந்த நிர்வாகத்துக்காரன்கிட்ட எப்படிப் பேசணும்னா..."

"வேணாம்க்கா. நீ வந்தா நீயே பேசிடுவ."

சொல்லிவிட்டுத் தங்கை படியேறினாள். முதல் திருப்பத்தில் சேலை நுனி தெரிந்தது, இரண்டாவதில் காலடிச் சத்தம் மட்டும், பிறகு அதுவும் இல்லை. முப்பத்தெட்டு வயசில் அவள் அக்காவை எதிர்த்துப் பேசியது இதுதான் முதல் தடவை. விளக்கக்காரி கைப்பிடியைப் பிடித்தபடி கீழ்ப்படியில் நின்றாள். ஏறிவிடலாம் என்று ஒரு கால் துடித்தது. அந்தக் காலை மற்ற காலால் மிதித்துக்கொண்டு நின்றாள் என்றே சொல்லலாம். மேலே ஏதோ கதவு திறந்து மூடியது.

வாசல் காவலாளி ரொம்ப நேரமாக இவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் கேட்டேவிட்டார். "மேல போனது யாரும்மா, உங்க பொண்ணா?"

"தங்கச்சி."

"என்ன விஷயமா போயிருக்காங்க?"

அவள் படிக்கட்டை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தாள்.

"எனக்குத் தெரியாதுங்க" என்றாள். "அவ வந்து சொல்லுவா."